எந்தப் பணத்தை உங்களால் வாங்க முடியும்?

கேள்வி: சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. நண்பர்கள் சேர்ந்து அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. கடலில் அறுந்து கிடக்கும் வலைகளை எடுத்துக் கரை சேர்க்கிறோம். வலையில் மாட்டும் ஆமைகளை விடுவிக்கிறோம். பள்ளிகளில் கடல்புல், ஆவுளியா என்னும் கடற்பசு பற்றிப் பேசுகிறோம். இதுவரை எல்லாம் கைக்காசும் ஊர்க்காரர்கள் கொடுத்ததும்தான். மொத்தம் நான்கு லட்சம் ரூபாய் செலவாகியிருக்கும். வெளிநாட்டு அமைப்புகள் பலவற்றுக்கு விண்ணப்பித்தோம், ஒன்றும் நடக்கவில்லை. பத்து சதவீதம் கொடுத்தால் நிதி வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நான் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா என்றும் யோசிக்கிறேன். எங்கே, எப்படிக் கேட்பது? எங்கள் பட்டியலையும் திட்ட வரைவையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

பட்டியலையும் வரைவையும் படித்தேன். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நல்ல அமைப்புகள். ஆனால் அவற்றில் ஒன்று நாளைக் காலையே “சரி, தருகிறோம்” என்று பதில் போட்டாலும் அந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்குள் வர முடியாது. நிதி தேடுகிறவர்கள் எல்லோரும் யார் கொடுப்பார்கள் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். எந்தப் பணத்தை வாங்க நமக்குச் சட்டப்படி வழி இருக்கிறது என்று முதலில் பார்த்தால் பாதி அலைச்சல் மிச்சமாகும்.

வெளிநாட்டுப் பணம் வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அதோடு கடைசி மூன்று நிதியாண்டுகளில் தன் முக்கியப் பணிக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். உங்களிடம் ஆண்டுகள் இருக்கின்றன, தொகை இல்லை. முன் அனுமதி என்று இன்னொரு வழி உண்டு. குறிப்பிட்ட ஒரு கொடையாளர், குறிப்பிட்ட ஒரு திட்டத்துக்கு, குறிப்பிட்ட தொகை தருவதாக எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தை வைத்து அந்தப் பணத்துக்கு மட்டும் அனுமதி கேட்கலாம். இதற்குக் கொடையாளர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். முன்பின் அறியாத சிறிய அறக்கட்டளைக்காக அப்படிக் காத்திருக்கும் கொடையாளர் அபூர்வம். உங்களுக்குப் பதில் வராததற்கு விண்ணப்பத்தின் நடை காரணமாக இருக்காது. படிவத்தில் பதிவு எண் கேட்கும் இடம் காலியாக இருந்திருக்கும்.

பதிவு பெற்ற பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் வாங்கி அங்கிருந்து உங்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். முன்பு அப்படி நடந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அதை அடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றவர் அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, அந்த அமைப்பும் பதிவு பெற்றதாக இருந்தாலும் கூடாது. பணம் வந்து சேர வேண்டிய இடமும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு ஒன்றுதான். பெரிய நிறுவனம் தானே திட்டத்தை நடத்தி, உங்கள் ஊர்ப் படகுகளுக்கு வாடகையும் உங்கள் ஆட்களுக்குச் சம்பளமும் நேரடியாகக் கொடுக்கலாம். அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் அப்போது திட்டம் அவர்களுடையது, நீங்கள் அதில் வேலை செய்கிறவர்கள். இதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு மனத்தாங்கல் வேண்டாம்.

பத்து சதவீதக்காரரை இன்றே அனுப்பிவிடுங்கள். எந்தக் கொடையாளரின் வரவுசெலவுத் திட்டத்திலும் தரகு என்ற தலைப்பு கிடையாது. அந்தப் பத்து சதவீதத்தைப் பொய் ரசீது போட்டுத்தான் காட்ட வேண்டியிருக்கும், அதில் கையெழுத்துப் போடப் போகிறவர் நீங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஒருவருக்குக் கூலி தருவது வேறு விஷயம். தொகையைப் பேசி, நிதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் பட்டியலில் ரஃபோர்ட் அறக்கட்டளை, முகமது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதி, இளம் ஆய்வாளர் குழுக்களுக்கான கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம், சுறாக்களுக்கும் திருக்கைகளுக்கும் பேர்போன சேவ் அவர் சீஸ் ஆகியவை இருக்கின்றன. இவை பெரும்பாலும் தனி ஆய்வாளரையோ சிறு குழுவையோ நம்பிக் கொடுப்பவை. உங்கள் குழுவில் கடல் உயிரியல் முதுகலை முடித்தவர் ஒருவர் இருப்பதாக வரைவில் எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பட்டியல் அவருக்குப் பயன்படும், அறக்கட்டளைக்குப் பயன்படாது. அவரும், தனிநபர் பெயரில் வந்தால் சட்டம் கண்டுகொள்ளாது என்று எண்ணிவிடக் கூடாது. மேற்படிச் சட்டம் தனிநபரையும் கட்டுப்படுத்தும். ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ அவர் ஆய்வாளராகச் சேர்ந்து அந்த நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிப்பதுதான் சுத்தமான வழி. இந்தியாவுக்குள்ளேயே கொடுக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. ஹேபிடாட்ஸ் டிரஸ்ட் அவற்றில் ஒன்று, அதிகம் பேசப்படாத உயிரினங்களுக்கும் வாழிடங்களுக்கும் உதவியிருக்கிறது. கடல்புல்லைவிட அதிகம் பேசப்படாத வாழிடம் எது?

உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறுமானியத் திட்டத்தைப் பட்டியலில் காணோம். உங்களைப் போன்ற ஊர் அமைப்புகளுக்காகவே 1992இல் தொடங்கப்பட்டது அது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்துகிறது. ஒரு திட்டத்துக்கு 50,000 டாலர் வரை என்பதே நெடுங்காலம் அதன் உச்சவரம்பாக இருந்தது, ஆனால் முதல்முறை கேட்கிறவர் உச்சவரம்பைப் பார்க்கவே வேண்டாம். இந்தியாவில் இதைக் கவனிக்கும் பொறுப்பு முதலில் சுற்றுச்சூழல் கல்வி மையத்திடம் இருந்தது. பிறகு டெரி என்ற ஆய்வு நிறுவனத்துக்கு வந்தது. கடலோரப் பகுதி அவர்கள் எடுத்துக்கொண்ட நிலப்பரப்புகளில் ஒன்று. விண்ணப்ப அழைப்பு எப்போதும் திறந்திருக்காது, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் ‘வெளிநாட்டு மூலம்’ என்ற வரையறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கின்றன. இருந்தாலும் பணம் எந்தக் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வருகிறது என்று எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை உங்கள் தணிக்கையாளரிடம் காட்டிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். இந்தத் திட்டத்தில் உங்கள் பங்கு என்ன என்று கேட்பார்கள். ரொக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஊர்ப் படகு, வலை உலர்த்தும் கொட்டகை, ஆட்களின் உழைப்பு எல்லாவற்றையும் விலை போட்டுக் காட்டலாம். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான், கணக்கில் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

அடுத்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் உயிரினப் பாதுகாப்பும் அதற்கான பட்டியலில் இருக்கின்றன. வாங்குகிற அறக்கட்டளைக்கு வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். முன்னது அறக்கட்டளைக்கு வரிவிலக்கு, பின்னது நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு வேண்டும். இதே மாதிரியான பணியில் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். இதில்தான் உங்களுக்கு நல்ல காலம். மூன்று ஆண்டுகள் இப்போது முடிந்திருக்கின்றன. நான்கு லட்சம் செலவு இங்கே குறையாகாது, தணிக்கை செய்த கணக்காக இருந்தால் போதும். 80ஜி வாங்கிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. வாங்கவில்லை என்றால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை முடியுங்கள்.

யாரிடம் போவது? சட்டம், நிறுவனம் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன, உங்கள் பகுதியில் தென்னந்தோப்புதான் இருக்கிறது. ஆகவே ஆலைகளைத் தேடாமல், உங்கள் கடலால் பிழைப்பவர்களைத் தேடுங்கள். பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டு பதப்படுத்தப்பட்டு அமெரிக்கா வரை போகிறது. குஞ்சு நண்டு வளர்வது கடல்புல் படுகையில்தான். நண்டு ஏற்றுமதி செய்கிறவரிடம் கடல்புல்லைப் பற்றிப் பேசினால் அது அவருடைய தொழிலைப் பற்றிய பேச்சு. அவர் 135ஆம் பிரிவுக்குள் வராத சிறிய முதலாளியாக இருக்கலாம். பரவாயில்லை, 80ஜி ரசீது கொடுத்து நன்கொடையாக வாங்குங்கள். காவிரிப் படுகையில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனங்களிடமும் இத்தகைய நிதி உண்டு. அந்தப் பணத்தை வாங்குவதா என்பதை அறங்காவலர்கள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். வாங்கிய பிறகு தெரிந்தால் ஊரில் உங்கள் பேச்சு எடுபடாது.

சி.எஸ்.ஆர். பணத்தோடு ஒரு தொல்லையும் வரும். தண்ணீருக்கடியில் இருக்கும் கடல்புல் புகைப்படத்தில் விழாது. அதனால் “அலையாத்திக் கன்று பத்தாயிரம் நடுவோமே, ஊழியர்களும் வந்து நடுவார்கள்” என்பார்கள். பணம் தருகிறவர் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கித் தலையாட்டிவிடாதீர்கள். கன்று இல்லாததால் அலையாத்தி அழிவது குறைவு. தண்ணீர் போய்வர வழியில்லாததால் அழிவதுதான் அதிகம். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கண்டது இதைத்தான். பழைய காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் மண் காய்ந்து அமுங்கிப் பள்ளமாகி, ஓதத்தில் ஏறிய நீர் வடியாமல் தேங்கி, உப்பு ஏறி, எதுவும் முளைக்காமல் போயிருந்தது. மீன் முள் போலக் கிளைக் கால்வாய்கள் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் நட்டவை பிழைத்தன. கடல்புல் வளரும் ஆழமில்லாத சேற்றுத் தரையில் கொண்டுபோய் அலையாத்தியை ஊன்றுவது இரண்டையும் கெடுக்கும் வேலை. ஊழியர்கள் வந்தே ஆக வேண்டும் என்றால் கரைக்கு வந்த வலைகளைப் பிரித்துத் தரம்பிரிக்கும் நாளில் வரச் சொல்லுங்கள். நைலான் தனி, பாலித்தீன் கயிறு தனி, ஈயக் குண்டு தனி. முதுகு வலிக்கும், படமும் நன்றாக வரும்.

பெரிய பணம் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அது அரசு வழியாக ஓடுகிறது. கடலோரச் சூழலை மீட்பதற்கான தமிழ்நாடு நெய்தல் மீட்சி இயக்கம் உலக வங்கி உதவியோடு 1,675 கோடி ரூபாய்த் திட்டம். தேசியக் காலநிலைத் தகவமைப்பு நிதி 2015இல் தொடங்கி நபார்டு வங்கி மூலம் நடந்தது. மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை, கடல்புல் மீட்பும், தேய்ந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கியதும் அந்தப் பணத்தில்தான். ஆவுளியாவுக்காக இந்திய வனவிலங்கு நிறுவனம் நடத்திய திட்டத்துக்கு, காட்டு நிலத்தை வேறு வேலைக்கு எடுப்பவர்கள் கட்டும் காடு வளர்ப்பு இழப்பீட்டு நிதியிலிருந்து பணம் வந்தது. அதில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைகூட இருந்தது. இவற்றுக்கெல்லாம் உங்கள் அறக்கட்டளை நேராக விண்ணப்பிக்க முடியாது. ஆனால் துறைக்குக் கடலோரத்தில் கைகள் தேவை. எந்த இடத்தில் கடல்புல் அடர்த்தி, எந்த மாதம் வலை அதிகம் அறுகிறது, எங்கே ஆவுளியா மேய்ந்த தடம் தெரிகிறது என்று எழுதி வைத்திருக்கும் ஊர்க்குழு ஒன்று இருந்தால் அதைத் தேடி வருவார்கள்.

உங்களுக்குக் கூடுதலாக ஒரு சாதகமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அது உங்கள் ஊர்க் கடல். அதே காரணத்தால் உங்களுக்கு ஒரு கடமையும் உண்டு. ஆவுளியா, கடலாமை, கடல்குதிரை, கடல் அட்டை, பவளம் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நல்ல எண்ணத்தோடு கையில் தூக்கினாலும் அனுமதியில்லாமல் தூக்கினால் கேள்வி வரும். நீங்கள் செய்து வருவதை விவரித்து மாவட்ட வன அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள். முறையான அனுமதியோ இணைந்து பணியாற்றும் கடிதமோ கிடைத்தால் அதை விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வையுங்கள். இரண்டு பேர் ஒரே தரத்தில் எழுதியிருந்தால் அனுமதிக் கடிதம் உள்ளவருக்குத்தான் நிதி போகும்.

இனி உங்கள் வரைவு. தலைப்பு, ‘பாக் விரிகுடாவின் கடல்சார் பல்லுயிர் வளத்தைப் பாதுகாத்து மீனவ மக்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துதல்’. தொகை, மூன்று ஆண்டுக்கு ஒரு கோடியே இருபது லட்சம். உள்ளே ஆமை, ஆவுளியா, கடல்புல், அலையாத்தி, பிளாஸ்டிக், பள்ளி விழிப்புணர்வு, பெண்களுக்குத் தையல் இயந்திரம். கோபிக்க வேண்டாம்: மூன்று ஆண்டில் நான்கு லட்சம் கையாண்டவர் ஒரு கோடி கேட்டால், தேர்வுக் குழுவில் இருப்பவர் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார். விண்ணப்பங்களைப் படிக்கும் மேசையிலும் நான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்கப்படுவது இரண்டே கேள்விகள்தான். இவர்கள் சொல்வதைச் செய்யக்கூடியவர்களா? செய்தார்களா என்பது ஆண்டு முடிவில் நமக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வரைவின் ஒன்பதாம் பக்கத்தில், கிட்டத்தட்ட மறைந்து, ஒரு வரி கிடக்கிறது: ‘நண்டு வலைகள் அறுந்து கடல்புல்லில் சிக்கிக்கொள்வதால் புல் வேரோடு பெயர்கிறது, ஆமைகளும் அதில் மாட்டுகின்றன.’ உங்கள் திட்டமே அதுதான். தையல் இயந்திரத்தை எடுத்துவிடுங்கள். தலைப்பை இப்படி வையுங்கள்: ‘எங்கள் ஊர்க் கடல்புல் படுகையில் கிடக்கும் அறுந்த வலைகளை அகற்றுதலும், புதிதாக வலை கிடப்பதைக் குறைத்தலும்’. ஓர் ஆண்டு, ஆறு லட்சத்துக்குள். முதலில் எங்கே எவ்வளவு வலை கிடக்கிறது என்று பார்ப்பீர்கள், பிறகு எடுப்பீர்கள், எடுத்த இடத்தில் புல் திரும்புகிறதா என்று அளப்பீர்கள். அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். பி.வி.சி. குழாயில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரச் சட்டம் செய்து, தரையில் வைத்து, சட்டத்துக்குள் எத்தனை பங்கு புல் மூடியிருக்கிறது என்று குறிப்பதுதான் உலகம் முழுவதும் வழக்கம். உங்கள் முதுகலை நண்பர் முறையைச் சொல்லிக் கொடுத்தால், மூச்சடக்கி மூழ்கத் தெரிந்த எந்த மீனவரும் செய்துவிடுவார்.

நீங்கள் அனுப்பிய படங்களில் வலைக்குவியல் ஆள் உயரம் இருக்கிறது. எத்தனை கிலோ? எந்த இடத்தில் எடுத்தது? செவுள் வலையா, நண்டு வலையா, ஒற்றை இழைத் தங்கூசி வலையா, விசைப்படகு இழுக்கும் மடி வலையின் துண்டா? ஒன்றும் எழுதவில்லை. மூன்று ஆண்டு உழைப்பு படமாக மட்டும் இருக்கிறது. நாளையிலிருந்து ஒரு நீளமான கணக்குப் பேரேடு போடுங்கள். தேதி, படகு, எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண், ஆழம், வலையின் வகை, உலர்ந்த பிறகு எடை, உள்ளே உயிரோடோ செத்தோ என்ன இருந்தது, எடுத்தவர் கையெழுத்து. எடையை ஈரமாக இருக்கும்போது போடக் கூடாது. சேறும் தண்ணீரும் சேர்ந்த எடையைப் பார்த்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார். மீன் ஏலக்கூடத்துத் தராசே போதும். நீங்கள் கணக்கர், இது உங்களுக்குக் கைவந்த வேலை. ஆறு மாதம் இப்படி எழுதினால், ஒரு கிலோ வலையைக் கரை சேர்க்க எவ்வளவு செலவாகிறது என்று உங்களால் சொல்ல முடியும். அந்த ஒரு எண்ணைச் சொல்லக்கூடியவர்கள் மிகக் குறைவு, சொல்கிறவருக்குப் பணம் கிடைக்கும். எடுத்த வலை எங்கே போகிறது என்பதற்கும் பதில் வேண்டும். கரையில் குவித்து வைத்திருக்கிறோம் என்றால், அடுத்த புயலில் அது கடலுக்கே திரும்பும் என்று சொல்லி உங்களை மடக்குவார்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் நீங்கள் பயந்து பயந்து எழுதியிருக்கிறீர்கள். கேமரா, மடிக்கணினி, பதாகை, துண்டறிக்கைக்கெல்லாம் தாராளம். படகுக்கும் ஆளுக்கும் கிள்ளித் தெளித்திருக்கிறீர்கள். சம்பளம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது, கருவி கேட்டால் கொடுப்பார்கள் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தது. கடல் வேலை என்பது டீசலும் கூலியும்தான். ஒரு வல்லம் (நாட்டுப்படகு) வலை தேடப் போகிற நாளில் அந்த வீட்டுக்கு அன்றைய மீன்பாடு இல்லை. அந்த இழப்பை வாடகையில் சேர்க்காவிட்டால் மூன்றாவது மாதம் யாரும் வர மாட்டார்கள். ஆமைக்காகத் தன் வலையை அறுக்கிறவருக்கு வலைக்கான ஈடும் எழுதுங்கள். ஆவுளியாவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறையே பரிசுத்தொகை கொடுத்திருக்கிறது, ஆகவே யாரும் இதை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். மூழ்குகிறவர்களுக்குக் காப்பீடு எழுதுங்கள். தணிக்கைக் கட்டணத்தை எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கலங்கித் தரை தெரியாது என்பதைக் காலஅட்டவணையில் காட்டுங்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே மாதிரி வேலை நடக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்தாலே, கடலுக்குப் போகாதவர் எழுதிய வரைவு என்று தெரிந்துவிடும். உங்கள் ஊரில் அது அநியாயம்.

படகுக்காரர் ரசீது தர மாட்டார். நீங்களே வவுச்சர் அடித்து, படகின் பதிவு எண், நாள், வேலை, தொகை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கூடுமானவரை வங்கிக் கணக்கில் போடுங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிப் பேரேடு, ஆண்டு முடிவில் பட்டயக் கணக்காளரின் பயன்பாட்டுச் சான்றிதழ். இவ்வளவுதான்; உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊர்ப் பெரியவர்களில் சிலர் ‘பாதுகாப்பகம் என்று சொல்லி நாளைக்கு மீன்பிடிக்கவே விடமாட்டார்கள், இந்தப் பையன்கள் அதற்கு ஆள் பிடிக்கிறார்கள்’ என்று பேசுவதாக வரைவின் அடியில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்காதீர்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பிற்பாடு கெடுபிடி கூடியபோது, தலைமுறையாகத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் குற்றவாளிகளைப் போல் விரட்டப்பட்டார்கள். அவர்கள் சங்கமாகக் கூடி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டு, உரிமையும் கேட்டார்கள். அவர்கள் சார்பில் பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, தீவுகளின் சூழலைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி அமைப்பின் பரிசை 2015இல் பெற்றார். அந்தக் கதையை உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே விண்ணப்பம் அனுப்பும் முன் ஊர்க்கூட்டத்தில் வரைவைத் தமிழில் வாசியுங்கள், தொகையையும் சேர்த்து. பெண்கள் வரும் நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கி இணையுங்கள். கொடையாளருக்காகச் செய்வதாக நினைக்க வேண்டாம். எவ்வளவு பணம் வந்தது என்று பின்னால் ஊர் கேட்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

ஒன்றை மட்டும் வரைவிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன்: ‘விசைப்படகுகள் கரையோரம் வந்து மடி இழுப்பதைத் தடுத்தல்’. அது உண்மையான துன்பம், மறுக்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்துவது மீன்வளத்துறையின் வேலை. ஆறு லட்சம் ரூபாய் மானியத்தால் நீங்கள் அதைச் செய்ய முடியாது, செய்வதாக எழுதிக் கையெழுத்திட்டால் ஆண்டு முடிவில் தோற்றதாகத்தான் அறிக்கை கொடுக்க வேண்டும். நாட்டுப்படகுச் சங்கத்தின் பெயரில் மனுவாகக் கொடுங்கள். உங்கள் பேரேட்டில் மடித் துண்டு எந்த இடத்தில், எத்தனை கிலோ கிடைத்தது என்று எழுதியிருந்தால் அந்த மனுவுக்கு அது சாட்சியாகும்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது விடாதீர்கள். மானியம் ஓர் ஆண்டுக்கு வரும், தவணையாக வரும், இரண்டாவது தவணை எப்போதும் தாமதமாகத்தான் வரும். முதல் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் என்று ஒரு வரி எழுதி, அந்த இடத்தில் முழுநேரமாக உங்கள் முதுகலை நண்பரை வையுங்கள். நீங்கள் மாலை நேரக் கணக்கராகவே இருங்கள். இரண்டாவது திட்டமும் கையெழுத்தாகி, ஆறு மாதச் சம்பளம் அறக்கட்டளைக் கணக்கில் கிடக்கும் நாளில் உங்கள் ராஜினாமாவைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.